மொட்டைக்குச் சொன்ன காரணம்

1

சென்ற அக்டோபரில் என் மகள் அபர்ணாவின் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை மூன்று நாள் கடற்கரை முகாமுக்கு அழைத்துப் போகிறார்களாம். மெல்போர்னில் குப்பைத் தொட்டியை மாற்றவும் படிவம், நாய் வளர்க்கவும் படிவம், பிள்ளை வெயிலில் நிற்கும்போது தொப்பி போடுமா என்பதற்கும் படிவம். பத்து வருடத்தில் எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது. ஒரு கையில் காபியை வைத்துக்கொண்டு மறு கையால் 'ஆம்', 'இல்லை' என்று குறித்துக்கொண்டே போனேன்.

மூன்றாம் பக்கத்தில், குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு நோய் இருந்ததுண்டா என்று ஒரு கேள்வி. 'இல்லை' என்று குறித்தேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

ரொட்டி தின்றுகொண்டிருந்த அபர்ணா எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இது தப்பு. சுகந்தி சித்திக்கு இருந்துச்சு. மண்டையில கோடு இருக்கே."

தழும்பு என்ற சொல் அவளுக்குத் தெரியாது. கோடு என்பாள்.

"உனக்கு யாருடி சொன்னது?"

"சித்திதான். லாஸ்ட் டைம் இந்தியா போனப்போ தலை வாரிட்டு இருந்தா. நான் கேட்டேன். சொன்னா." பிறகு என் முகத்தையே பார்த்தபடி கேட்டாள்: "நீ ஏம்மா பொய் எழுதற?"

அவள் வகுப்பில் எம்மா என்றொரு பெண்ணுக்கு இந்த நோய் உண்டு. வருட ஆரம்பத்திலேயே ஆசிரியை எல்லோரையும் தரையில் உட்காரவைத்து, எம்மாவையே எழுந்து பேசச் சொல்லியிருக்கிறார். எனக்கு இப்படி வரும், வந்தால் என்னை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள் என்று அந்தப் பத்து வயதுப் பெண் சொல்லியிருக்கிறாள். அன்று சாயங்காலம் அபர்ணா தன் அப்பாவைக் கம்பளத்தில் படுக்கவைத்துப் புரட்டிப் புரட்டிப் பயிற்சி எடுத்தாள். நான் சிரித்துக்கொண்டு பார்த்திருந்தேன். அதே வீட்டில்தான் இப்போது பேனா பிடித்துப் பொய் எழுதியிருக்கிறேன்.

"வாய மூடிட்டு சாப்பிடு" என்றேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை, சென்னைக்குப் பக்கத்தில் சிட்லபாக்கத்தில் இருக்கும் அம்மாவுக்கு போன் செய்தேன். அந்த போனில் அம்மா சொன்ன ஒரு செய்திக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன்னால் என் தங்கைக்கு வந்தது என்ன நோய் என்று சொல்லியாக வேண்டும்.

2

சுகந்தி என்னைவிட ஐந்து வயது சின்னவள். கைக்குழந்தையாக இருந்தபோது கடும் காய்ச்சலில் அவளுக்கு ஒருமுறை வெகுநேரம் வெட்டியிழுத்திருக்கிறது. பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம். பன்னிரண்டு வயதில் வேறு விதமாகத் திரும்பி வந்தது.

வலிப்பு என்றால் கீழே விழுந்து, வாயில் நுரை தள்ளி, கை கால் உதற வேண்டும் என்பதுதான் நம் எல்லோருக்கும் தெரிந்தது. இவள் விழமாட்டாள். "வயித்துலேர்ந்து என்னமோ மேல ஏறுதுக்கா" என்பாள். அடுத்த நொடி கண் நிலைகுத்திவிடும். உதட்டைச் சப்புக்கொட்டுவாள். விரல்கள் தாவணி நுனியை நிரடிக்கொண்டே இருக்கும். கூப்பிட்டால் பதில் வராது. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதன்பின் அரைமணி நேரம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழிப்பாள். கணக்கு ஆசிரியர் இதைத் திமிர் என்று முடிவுகட்டி, விரல் முட்டியில் அடித்தார். மூளையின் பக்கவாட்டில், காதுக்கு உள்ளே தள்ளி இருக்கும் பகுதியில் கிளம்புகிற வலிப்பு இது என்று யாருக்குத் தெரியும்? ஆசிரியரைச் சொல்லி என்ன பயன்? வீட்டில் நாங்களே "பராக்குப் பாக்காதடி" என்று அதட்டியிருக்கிறோம்.

தெரிந்த பிறகு நாங்கள் செய்ததுதான் பெரிய அநியாயம். வலிப்பு என்ற வார்த்தையே எங்கள் வீட்டில் தடை. அப்பா அதற்கு மயக்கம் என்று பெயர் வைத்தார். அம்மா ஒரு வித்தை கற்றுக்கொண்டாள். சுகந்தியின் கண் நிலைக்கத் தொடங்கியதும் சட்டென்று அவள் முன்னால் போய் நின்று, முந்தானையை விரித்து உதறி இடுப்பில் சொருகுவதுபோல ஒரு திரை போட்டுவிடுவாள். கல்யாண வீட்டுப் பந்தியில், சானடோரியம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், மின்சார ரயிலில் என்று எங்கே வந்தாலும் அந்த முந்தானை தயாராக இருந்தது. ஊரில் ஒருவருக்கும் தெரியாது என்று பெருமையாக நம்பினோம்.

ஒருத்திக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்சந்தில் இருந்த தனலட்சுமி அக்கா. புருஷன் தண்ணீர் லாரி ஓட்டினார். ஆனால் வீட்டுக்குக் குடிதண்ணீர் எங்கள் கை பம்ப்பில்தான் அடித்துப் போவாள். ஒருநாள் அம்மா இல்லாத நேரத்தில் பம்ப்பருகே சுகந்திக்கு வந்துவிட்டது. தனலட்சுமி அக்கா குடத்தை வைத்துவிட்டு அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

"ஒண்ணியும் இல்ல கண்ணு, தோ போயிடும்" என்றவள் என்னைப் பார்த்து, "எம் பொண்ணு செல்விக்கும் இதே மாதிரிதாம்மா வருது. சப்புக்கொட்டிக்கினு செவுத்தப் பாத்துக்கினு நிக்கிது. எந்த டாக்டராண்ட காட்டறீங்க?" என்றாள்.

செல்விக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா வந்துவிட்டாள். "இது சாப்பிடாம வந்த மயக்கம் தனலட்சுமி, உம் பொண்ணுக்கு வர்றது வேற" என்றாள். உள்ளே வந்ததும் எனக்குத்தான் திட்டு விழுந்தது.

3

பன்னிரண்டு வருடம் மாத்திரை. முதல் மாத்திரையில் சுகந்தி நாளெல்லாம் தூங்கி வழிந்தாள். இரண்டாவதில் ஈறு வீங்கிப் பல்லை மூடியது, மேலுதட்டில் ரோமம் வந்தது. மூன்றாவது, நான்காவது என்று மாறிக்கொண்டே இருந்தன. வாரத்துக்கு மூன்று நான்கு தடவை வந்தது மட்டும் குறையவே இல்லை. அப்பாவோ டாக்டரிடம், "மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு மயக்கம் வருது சார், மத்தபடி நல்லா இருக்கா" என்பார். கூடச் சொன்னால் சீட்டில் பெரிய வியாதியின் பெயரை எழுதிவிடுவார்களாம். டாக்டரும் நிமிர்ந்து பார்க்காமல் அளவை ஏற்றி எழுதிக் கொடுப்பார். பொருத்தமான இரண்டு மருந்துகளை ஒழுங்காகக் கொடுத்தும் நிற்காத வலிப்பு மூன்றாவது நான்காவது மருந்துக்கு நிற்பது அபூர்வம், வேறு வழி பார்க்க வேண்டும் என்று அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு டாக்டருக்குமா சொல்லத் தோன்றவில்லை? இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

எண்பதுகளின் கடைசியில் கல்யாணமாகி இங்கே வந்தேன். ஒரு மருத்துவமனையின் கோப்பு அறையில் வேலை கிடைத்தது. அங்கேதான் ஒரு கோப்பில் முதன்முதலாகப் பார்த்தேன். என் தங்கைக்கு வந்த அதே வலிப்பு, அதே சப்புக்கொட்டல். கடைசித் தாளில் அறுவை சிகிச்சை, நின்றுவிட்டது என்று இருந்தது. தாழ்வாரத்தில் ஒரு நரம்பியல் டாக்டரை மறித்து, தங்கையைப் பற்றிச் சொன்னேன். பன்னிரண்டு வருடமா, நான்கு மருந்தா, மூளையை ஒரு படம்கூட எடுக்கவில்லையா என்று கேட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு என் ஊர்மேல் வந்த கோபத்தையும் என்மேல் வந்த வெட்கத்தையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. நான்கு மாதம் கடிதம் எழுதி விசாரித்ததில், நம் பக்கத்து மாநிலத்திலேயே அந்த அறுவை சிகிச்சையைத் தொடங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

அப்பா மறுத்தார். "மண்டையத் திறந்துட்டா அப்புறம் யார் கட்டிப்பா அவள?" என்றார். அவரைமட்டும் குற்றம் சொல்ல முடியாது. நம் நாட்டின் திருமணச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். பைத்தியத்தையும் வலிப்பையும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறார்கள். அடிக்கடி வலிப்பு வருகிறவருடன் நடந்த கல்யாணத்தைச் செல்லாது என்று ரத்து செய்யலாமாம். இதை எழுதும் 1999ஆம் வருடத் தொடக்கம்வரை அந்த வரி அப்படியேதான் இருக்கிறது. படித்தவர்கள் கூடி, கைதூக்கி நிறைவேற்றிய சட்டம் இது. எங்கள் அம்மாவின் முந்தானைக்கு அரசாங்கமே நூல் கொடுத்தது என்றுதான் சொல்வேன்.

4

தொண்ணூறுகளின் நடுவில், அபர்ணாவை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு, ஆறு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். சோதனை மட்டும் செய்துபார்க்கலாம் என்று அப்பாவைச் சம்மதிக்கவைத்து, நான், அம்மா, சுகந்தி மூவரும் ரயிலேறினோம்.

அங்கே முதலில் செய்தது கண்காணிப்பு. தலை முழுக்க ஒயர்களை ஒட்டி, சுவரில் வீடியோ கேமரா வைத்து, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வலிப்பு வரட்டும் என்று காத்திருப்பார்கள். எந்த இடத்தில் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க அது வந்தே ஆக வேண்டும். வீட்டில் ஒருநாள் விட்டு ஒருநாள் எட்டிப் பார்த்த சனியன் அங்கே மூன்று நாள் வரவே இல்லை. நான்காம் நாள் காலை இட்லி சாப்பிடும்போது சுகந்தி, "அக்கா, ஏறுது" என்றாள்.

நான் பொத்தானை அழுத்தினேன். அதற்குள் அம்மா கட்டிலுக்கும் கேமராவுக்கும் நடுவில் பாய்ந்து, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து டெக்னீஷியன் ஓடிவந்தார். "அம்மா, மாறி நில்லுங்க! மாறி நில்லுங்கம்மா!"

அம்மா அசையவில்லை. நான்தான் பெற்றவளை இடுப்பைப் பிடித்து இழுத்து நகர்த்த வேண்டியிருந்தது.

"விடுடி! பத்து பேர் பாக்கறாங்கடி!"

"பாக்கத்தாம்மா வந்திருக்கோம்! அதுக்குத்தான் வந்திருக்கோம்!"

பாதி வலிப்பு முந்தானைக்குப் பின்னால் போய்விட்டது. இன்னொன்றுக்காக மேலும் இரண்டு நாள் காத்திருந்தோம். அந்த இரண்டு நாளும் நான் அம்மாவுடன் பேசவில்லை.

பெரிய டாக்டர் ஒரு பெண்மணி. தமிழ் பேசினார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்து, வலது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே சுண்டுவிரல் அளவில் சுருங்கிக் கிடந்த ஒரு இடத்தைக் காட்டினார். சின்ன வயதுக் காய்ச்சலில் பட்ட காயமாக இருக்கலாம் என்றார். கேமராவும் ஒயர்களும் அதே இடத்தைத்தான் சொல்கின்றன, அந்தப் பகுதியை எடுத்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு நின்றுவிடும், எல்லோருக்கும் என்று உறுதி கொடுக்க முடியாது, ஞாபக சக்தி சற்றுக் குறையலாம் என்று எதையும் ஒளிக்காமல் சொன்னார்.

"இப்பவே பாதி நாள் என் ஞாபகத்துல இல்ல டாக்டர்" என்றாள் சுகந்தி. பேனாவை வாங்கி அவளே கையெழுத்துப் போட்டாள். அப்பா வரட்டும் என்று அம்மா சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை.

5

அறுவைக்கு முந்தின நாள் தலையை மழித்தார்கள். இடுப்புவரை தொங்கிய முடி. சுகந்தி அழவில்லை. அம்மாதான் தேம்பினாள்.

"கல்யாணம் ஆகாத பொண்ணு மொட்டையா வந்து நின்னா தெருவுக்கு என்னடி சொல்றது?"

அப்போது என் வாயிலிருந்து வந்ததை மாற்றாமல் எழுதுகிறேன்.

"திருப்பதிக்கு வேண்டுதல்னு சொல்லும்மா. யார் கேக்கப் போறா?"

அம்மாவின் முகம் அப்படியே தெளிந்தது. "உனக்குத்தாண்டி மூளை" என்றாள். நானும் அந்தப் பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். வெளிநாட்டில் வேலை, மருத்துவமனைக் கோப்பு, தாழ்வாரத்தில் டாக்டரோடு இங்கிலீஷ், எல்லாம் இருந்து கடைசியில் நானும் ஒரு முந்தானையைத்தான் விரித்திருக்கிறேன் என்பது அன்று உறைக்கவில்லை.

அறுவை நல்லபடியாக முடிந்தது. காதுக்கு முன்னால் தொடங்கி மேலே வளைந்து போகும் தையலை, முடி வளரும்வரை ஒரு கதர்த் துணியால் மூடிக் கட்டினோம். தெருவில் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பிரசாதம் எங்கே என்று மட்டும் இரண்டு பேர் கேட்டார்கள். அம்மா ரங்கநாதன் தெருவில் லட்டு வாங்கி வந்து கொடுத்தாள்.

சுகந்திக்கு அதன்பிறகு ஒரு வலிப்புகூட வரவில்லை. மாத்திரையை மட்டும் தொடர்ந்தார்கள். பேர்கள் சில நேரம் மறந்துபோகும். தானே சாலையைக் கடந்து தாம்பரம் போய் டைப்பிங் வேலை பார்த்தாள். இரண்டு வருடம் கழித்துக் கோவிலம்பாக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. எங்கள் யாரையும் கேட்காமல் சுகந்தி அந்தப் பையனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர், "மாத்திரைய வேளைக்குப் போட்டாப் போதும்ல? நான் ஞாபகப்படுத்தறேன்" என்றாராம். அவ்வளவுதான். யாருக்குப் பயந்து இத்தனை வருடம் மறைத்தோமோ அந்த மாப்பிள்ளை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இதைக் கேட்டபோது சந்தோஷப்படுவதற்குப் பதில் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

6

இனி அந்த அக்டோபர் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அபர்ணா கேட்டதை அம்மாவிடம் சொல்லி, பிள்ளைகூடச் சிரிக்கிறது, இன்னும் எத்தனை நாள் மறைப்பது என்று பொரிந்தேன். அம்மா பேச்சை மாற்றுவதற்காகத் தெருக்கதை சொல்லத் தொடங்கினாள்.

"பின்சந்து தனலட்சுமி பொண்ணு செல்வி இல்ல? போயிடுச்சுடி. ஏரியில துணி அலசப் போச்சு. முழங்கால் தண்ணிதான். ஆறு மாசம் ஆச்சு. உன்கிட்ட சொல்லணும்னு நினைச்சேன், மறந்துட்டேன்."

"வலிப்பு வந்தா?"

"அப்படித்தான் சொல்லிக்கறாங்க."

"சுகந்திக்கு எப்படி நின்னுச்சுன்னு அந்த அக்கா உன்ன கேக்கவே இல்லையா?"

"கேட்டா. நாலஞ்சு தடவ கேட்டா."

"என்னம்மா சொன்னே?"

"நீ சொல்லிக் குடுத்ததத்தாண்டி சொன்னேன்" என்றாள்.

அம்மாவைக் கண்டபடி திட்டினேன். போனை வைத்த பிறகு திட்ட ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தேன். செல்விக்குப் பதினேழு வயது. அவளுக்கும் அறுவை சிகிச்சை பலித்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. வேறு வகை வலிப்பாகவும் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு ஸ்கேன், ஒரு கேமரா, ஒரு நல்ல டாக்டர், இந்த மூன்றும் ஒரு இரவு ரயில் பயணத்தில் இருக்கின்றன என்பது அவள் அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த ஒரே குடும்பம் நாங்கள். எங்கள் பம்ப்பில் தண்ணீர் அடித்தவளிடம், சுகந்தியைக் கூச்சமில்லாமல் கட்டிப்பிடித்துக்கொண்ட ஒரே ஒருத்தியிடம், லட்டைக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம்.

டிசம்பரில் போனேன். சுகந்தியும் கோவிலம்பாக்கத்திலிருந்து வந்தாள். "நானும் வர்றேன்க்கா, என் தலையத்தானே சாக்கா சொன்னீங்க" என்றாள். அம்மா வாசலில் நின்று, "நடந்தது நடந்து போச்சு, இப்ப போய் சொல்லி என்ன ஆகப்போகுது?" என்று தடுத்துப் பார்த்தாள். அவளைத் தாண்டிக்கொண்டு போனோம்.

தனலட்சுமி அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பாயை விரித்தாள். சுகந்தியின் கன்னத்தைத் தடவி, "நல்லாக்கீறியா கண்ணு? இப்ப வர்றதே இல்லியா?" என்று கேட்டாள். சுகந்தி இல்லை என்று தலையசைத்தாள்.

வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகளை நான் தொடங்குவதற்குள் அக்காவே பேசினாள்.

"உங்கம்மா சொன்னாங்கன்னு செல்விய மலைக்கு இட்டுகினு போனேம்மா. மொட்ட போடறப்ப அழுதுச்சு. எனக்கு முடி வோணும்மான்னு கத்துச்சு. சுகந்தி அக்காவுக்கு நின்னுச்சு பாருன்னு சொல்லி நான்தான் தலய அமுக்கிப் புடிச்சேன். நிக்கல. மறுக்கா போனோம். அப்பவும் நிக்கல. மூணு தபா போட்டேம்மா. நீங்க எத்தினி தபா போட்டீங்கன்னு உங்கம்மாவ ஒரு வார்த்த கேக்காம உட்டுட்டனேன்னு இப்பவும் நெனச்சிக்கினே கீறேன்."

"அக்கா" என்றேன்.

சுகந்தி பாயை விட்டு எழுந்து தனலட்சுமி அக்காவின் எதிரில் மண்டியிட்டாள். பின்னலை முன்னால் தள்ளி, வலது காதுக்கு மேல் முடியை இரண்டாக வகிர்ந்து, தலையைக் குனிந்து காட்டினாள்.

"நான் மலைக்குப் போகலக்கா. இது ஆபரேஷன். அதுலதான் நின்னுச்சு."

தனலட்சுமி அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். தவிடு ஒட்டிய விரலால் அந்தத் தழும்பைக் காதருகே தொட்டு, வளைவு முழுவதும் மெதுவாகத் தடவிக்கொண்டே போனாள். முடிந்த இடத்தில் விரலை எடுக்கவில்லை. அழவும் இல்லை, கத்தவும் இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இத்த அப்பவே சொல்றதுக்கு இன்னாம்மா?" என்றாள்.